சீருடைக்குச் சட்டக் கவசம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில விபரங்களை உரையாற்றியவரே இங்கு சேர்த்துத் தந்துள்ளார்.)



இந்த மண்டபத்தில் பேச என்னைக் கூப்பிட்டபோது நம் செயலாளர் தங்கச்சி ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார். "அக்கா, சந்தோஷமான விஷயமாப் பாத்துப் பேசுங்க" என்றார். நானும் சரி என்றேன். நெட்போல் கிண்ணம் காணாமல் போன கதையைத்தான் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டு கிழமைக்கு முன் விழாக் குழுக் கூட்டம் முடிந்து பகற்சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

அந்த மேசையில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி இருந்தார். "இந்த ஆமிக்காரங்களை ஹேக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தினாத்தான் சரிவரும்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய வகுப்புத் தோழி, இதே மாவனல்லையில் இருப்பவர். அவருடைய தம்பி இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "என் தம்பியையுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "அமெரிக்கா தன் ஆமிக்காரனைக் காப்பாத்தச் சட்டம் போட்டிருக்காமே, நாங்க போட்டா மட்டும் குத்தமா?" என்றார். ஏழு வருடம் ஒரே வாங்கில் இருந்து, ஒரே டிபன் கரியரில் சாப்பிட்டவர்கள். அன்று இருவரும் தனித்தனி முச்சக்கரவண்டியில் போனார்கள்.

சட்டம் படித்தவள் என்று என் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் றப்பர் தோட்டத்துப் பிள்ளை என்பது பலருக்குத் தெரியும். அம்மா பால் வெட்டப் போகும் நேரத்துக்கு எழும்பி, லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து இங்கே வந்தவள். 1977 ஆகஸ்டில் எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கானிவலில் தொடங்கிய சண்டை சில நாளில் நாடு முழுக்கப் பரவியது. கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களையும் அது விட்டுவைக்கவில்லை. எங்கள் லயத்தில் நான்கு காம்பராக்கள் எரிந்தன. நாங்கள் றப்பர் காட்டுக்குள் இரண்டு இரவு ஒளிந்திருந்தோம். மூன்றாம் நாள் அப்பா ஒரு பொலிஸ் நிலையத்துக்கு என்ட்ரி போடப் போனார். எரித்தவர்களோடு சீருடைக்காரர் இருவரும் நின்றதைத் தான் பார்த்ததாக அவர் சொல்ல, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடி வைத்துவிட்டாராம். அப்பா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நிலையம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அன்று பேனையை மூடியவரும் இன்று உயிரோடு இருப்பாரோ என்னவோ.

அந்தக் கலவரத்தை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி அவர்களைக் கொண்டு ஒரு ஆணைக்குழு அமைத்தார்கள். 1980இல் அறிக்கை வந்தது. பிறகு 1982இல் வந்ததுதான் நான் இன்று பேச வந்த விஷயம்: 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இன்டெம்னிட்டி சட்டம், அதாவது பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சட்டம். 1977 ஆகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து 31ஆம் திகதி வரை, சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட நல்லெண்ணத்துடன் செய்த எந்தச் செயலுக்காகவும் அமைச்சர் மீதோ, அரச உத்தியோகத்தர் மீதோ, பொலிஸ், முப்படையினர் மீதோ எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அந்தச் செயல் சட்டப்படியானதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இப்படி ஒரு சொல்லைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்று நான் சட்டக் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அப்பா பார்த்ததை எழுதாமல் விட்ட அந்தப் பேனையை, ஐந்து வருடத்துக்குப் பிறகு பாராளுமன்றமே மூடி வைத்தது போல இருந்தது எனக்கு.

1988 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள். ஒரு மாதத்துக்கு என்று இருந்தது 1988 டிசம்பர் 16 வரை நீண்டது. ஒரு மாதப் பாதுகாப்பு பதினொரு வருடத்துக்கும் மேலான பாதுகாப்பு ஆயிற்று. 1983 ஜூலையும் அதற்குள் வருகிறது, வடக்குக் கிழக்கில் நடந்தவையும் வருகின்றன, தெற்கில் ஜே.வி.பி. காலத்தின் முதல் பாதியும் வருகிறது. தமிழருக்கு எதிராகப் போட்ட சட்டம் என்று இதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சிங்களப் பையன்களைக் கொண்டுபோனவர்களையும் அதே பாய்தான் மூடியது.

இதைத் தவிரவும் பழைய பூட்டுகள் உண்டு. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அவசரகால விதிகளின் பேரில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு ஒருவர் மீது குற்ற வழக்குப் போட வேண்டுமானால் சட்டமா அதிபரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இது வெள்ளைக்காரன் போகும்போது விட்டுப்போனது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்கு வழக்கே இல்லை என்கிறது. நல்லெண்ணம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அது இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டிய நீதிமன்றத்தின் வாசலையே அந்தச் சொல்லைக் கொண்டு அடைக்கிறார்கள்.

அப்படியானால் இந்த நாட்டில் சீருடைக்காரர் ஒருவரும் தண்டனை பெறவில்லையா என்று இளைய பிள்ளைகள் கேட்கலாம். பெற்றிருக்கிறார்கள். 1971 ஏப்ரலில் கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண்ணை, அந்த ஊரில் புத்தாண்டு அழகுராணியாகத் தெரிவானவரை, இராணுவத்தினர் பிடித்து, நிர்வாணமாக்கித் தெருவில் நடத்திச் சுட்டார்கள். ஒரு லெப்டினனும் ஒரு சார்ஜனும் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பதினாறு வருடச் சிறைத்தண்டனை பெற்றார்கள். மேலிடத்துக் கட்டளை என்று வாதாடிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த சட்டவிரோதமான கட்டளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வருடக் கிளர்ச்சியில் இந்தக் கேகாலை மாவட்டம் என்ன பாடு பட்டது என்று எங்கள் மூத்த டீச்சர்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது எங்கள் மாகாணத்துக் கதை. 1989 கடைசியிலும் 1990 தொடக்கத்திலும் எம்பிலிப்பிட்டியவில் பள்ளிக்கூட மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஒரு காதல் கடிதம் பற்றி வந்த பையன்கள் சண்டைதான் தொடக்கம் என்று வழக்கில் சொல்லப்பட்டது. அதிபரின் மகன் அதில் சம்பந்தப்பட்டிருந்தான். அதிபருக்கு அருகிலிருந்த முகாமில் சிநேகம் இருந்தது. அவ்வளவு போதும், பிள்ளைகள் வீட்டுக்கு வரவில்லை. 1994 ஜனவரியில் சூரியகந்த மலையில் புதைகுழியைத் தோண்டினார்கள். பெற்றோர்கள் விடாமல் நின்றார்கள். 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதிபரையும் ஆறு இராணுவத்தினரையும் குற்றவாளிகளாகக் கண்டு பத்து வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. முகாமுக்குப் பொறுப்பாக இருந்த உயர் அதிகாரி விடுதலையானார். சிங்களத் தாய்மார், சிங்களப் பிள்ளைகள், சிங்களச் சிப்பாய்கள். நான் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதற்குக் காரணம், படையினரைப் பற்றிப் பேசினால் இனத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கும் பழக்கம் எங்களிடம் வேரூன்றிப் போனதுதான்.

மூன்றாவது கதையை ஒரு பெண்கள் பாடசாலை மேடையில் சொல்லாமல் போக என்னால் முடியாது. 1996 செப்டெம்பர் 7. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, வயது 18, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் தாள் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறாள். செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கிறார்கள். மகள் வரவில்லையென்று ஆசிரியையான தாயார் தேடிப் போகிறார். கூட தம்பியும் அயலவர் ஒருவரும் போகிறார்கள். நான்கு பேரும் திரும்பவில்லை. நாங்களும் இதே மண்டபத்தில் உயர்தரம் எழுதி, சீருடையோடு பஸ்சுக்கு நின்றவர்கள். தாள் எப்படி என்று அம்மா கேட்பாரே என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனவர்கள். அந்தப் பிள்ளைக்கும் அந்த நினைப்புத்தான் இருந்திருக்கும்.

அந்த வழக்கு மறைந்து போகாததற்கு அந்த நேரத்துப் பெண்கள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் காரணம். கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் ட்ரயல் அட் பார் விசாரணை நடந்தது. 1998 ஜூலையில் தீர்ப்பு. தண்டனை பெற்றவர்களில் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்தில் எழுந்து, செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகவும், தாங்கள் மேலிருந்து வந்ததைத்தான் புதைத்ததாகவும் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதோடு மூடிவிட்டார்கள். 2025இல் அதே செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் ஒரு கட்டட வேலைக்கு மண் வெட்டப்போய் மறுபடி எலும்பு வெளிவந்தது. அந்த வருடம் மட்டும் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை அடையாளம் கண்டார்கள். சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. பாடசாலைப் பை ஒன்றும் இருந்தது.

ஆக, வழக்குப் போட்ட இடங்களில் தண்டனை வந்திருக்கிறது. ஆனால் யாருக்கு வந்தது என்று பாருங்கள். லெப்டினன், சார்ஜன், கோப்ரல், சாதாரணச் சிப்பாய். ஏணியில் அதற்கு மேல் கை போகவில்லை. ஒரு அதிகாரி தன் கீழ் உள்ளவர்கள் செய்வதை அறிந்தும் தடுக்கவில்லையானால் அவரும் பொறுப்பு என்ற சர்வதேசக் கொள்கை எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் இல்லை. போர்க்குற்றம், மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில் குற்றங்களே அதில் இல்லை. எழுதப்பட்ட கவசத்தை விட எழுதாமல் விட்ட கவசம் பெரியது என்பது இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் கண்டது.

இன்னொரு கவசமும் உண்டு, அது ஜனாதிபதியின் பேனையில் இருக்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில், இடம்பெயர்ந்திருந்து தங்கள் வீடு வளவைப் பார்க்கத் திரும்பிப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது. தப்பி ஓடிய ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நின்றது. தீர்ப்புக்கு 2015 ஜூன் ஆயிற்று. பதினான்கரை வருடம்! ஐந்து பேரில் நால்வர் விடுதலையாக, சார்ஜன் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் அதை உறுதிசெய்தார்கள். 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கில் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் பருப்பும் மாவும் எண்ணிக்கொண்டிருந்த கிழமையில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். எந்த மரண தண்டனைக்கும் நான் ஆதரவில்லை. ஆனால் எட்டுப் பேரின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டதை மன்னிப்பு என்று சொல்ல என் நாக்கு வரவில்லை.

சரி, இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். எங்கள் சகோதரி கேட்டது உண்மை. அமெரிக்கா அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறது.

1998 ஜூலையில் ரோம் நகரில் உலக நாடுகள் கூடி ஒரு சாசனம் செய்தன. இனப்படுகொலை, மானிடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றைச் செய்த தனி மனிதரை விசாரிக்க நிரந்தரமான நீதிமன்றம் ஒன்று. 2002 ஜூலை 1ஆம் திகதி அது நெதர்லாந்தின் ஹேக் நகரில் உயிர் பெற்றது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் அமெரிக்கப் படையினர் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி அமெரிக்க நிறுவனங்கள் அந்த நீதிமன்றத்துக்கு ஒத்துழைக்கக் கூடாது. அதில் உறுப்புரிமை பெறும் நாடுகளுக்கு, சில நட்பு நாடுகளைத் தவிர்த்து, இராணுவ உதவி கிடையாது என்ற பிரிவும் 2008 வரை அதில் இருந்தது. இவற்றை விடப் பெரிது, அந்த நீதிமன்றம் அமெரிக்கர் ஒருவரைப் பிடித்து வைத்தால் அவரை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் ஜனாதிபதி கையாளலாம் என்ற பிரிவு. 'எல்லா வழிகளும்' என்றால் படையும் அடங்கும். அதனால்தான் ஹேக் படையெடுப்புச் சட்டம் என்று உலகம் அதற்குப் பட்டப்பெயர் வைத்தது. அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் மீதே 2020இலும் 2025இலும் அமெரிக்கா தடை விதித்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அதோடு விடவில்லை. நாடு நாடாகப் போய் ஒப்பந்தம் வாங்கினார்கள். எங்கள் ஆளை எங்கள் சம்மதமில்லாமல் ஹேக்குக்கு ஒப்படைக்கமாட்டோம் என்று எழுதித் தா என்றார்கள். இது ரோம் சாசனத்தின் 98ஆம் உறுப்புரையைச் சாட்டாக வைத்துச் செய்தது. 2002 நவம்பரில் கையெழுத்திட்ட நாடுகளில் எங்கள் இலங்கையும் ஒன்று. டிசம்பரில் இந்தியா. நாங்கள் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினரே இல்லை, உதவி வெட்டு எங்களுக்குப் பொருந்தவும் இல்லை. ஆனாலும் கையெழுத்திட்டோம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது, பெரியண்ணன் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை போலும். இங்கே எத்தனை பேருக்கு இந்த ஒப்பந்தம் தெரியும்? கை தூக்க வேண்டாம், எனக்கே சட்டத்தரணியாகிப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

பிரிட்டனும் 2021இல் வெளிநாட்டு நடவடிக்கைகள் பற்றி ஒரு சட்டம் போட்டது. ஐந்து வருடம் கழிந்தால் படைவீரர் மீது வழக்குப் போடுவது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் சித்திரவதையும் போர்க்குற்றமும் கூட அந்தப் பாதுகாப்புக்குள் இருந்தன. பிரபுக்கள் சபையில் எதிர்ப்பு வந்தது, முன்னாள் படைத் தளபதிகளே எதிர்த்தார்கள், கடைசியில் அவற்றை வெளியே எடுத்துவிட்டே சட்டம் நிறைவேறியது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். சித்திரவதை செய்பவனைக் காப்பாற்றினால் நல்ல சிப்பாயின் பெயரும் கெடும் என்று சீருடை போட்டவர்களே சொன்னார்கள்.

ஆகவே 'அமெரிக்காவும் செய்கிறதே' என்பதற்கு என் பதில்: ஆமாம், செய்கிறது, தவறாகச் செய்கிறது. அமெரிக்கா செய்வதையெல்லாம் நாங்கள் நல்லதென்று எடுப்பதில்லையே! ஈராக்கில் அபூ கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது இந்த மண்டபத்தில் துக்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தப் படங்களால்தான், அமைதிப்படையினருக்கு ஹேக் நீதிமன்றத்திலிருந்து வருடா வருடம் வாங்கிய விலக்கை 2004இல் பாதுகாப்புச் சபையில் புதுப்பிக்க அமெரிக்காவால் முடியாமல் போனது.

அமைதிப்படை என்றதும் இன்னொன்று. நீலத் தொப்பி போட்டு ஐ.நா. பணிக்குப் போகும் சிப்பாய் அங்கே குற்றம் செய்தால், அந்த நாட்டு நீதிமன்றம் தொட முடியாது. அனுப்பிய நாடுதான் தண்டிக்க வேண்டும். எங்கள் படையினர் ஹெயிட்டிக்குப் போயிருந்தார்கள். சிறுமிகளையும் சிறுவர்களையும் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்று ஐ.நா.வே கண்டறிந்து 2007 நவம்பரில் நூறுக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பியது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்று பத்து வருடம் கழித்து, 2017இல், அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. ஹெயிட்டியில் தமிழரும் இல்லை, சிங்களவரும் இல்லை, புலியும் இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைகள் மட்டும்தான். நாட்டைக் காத்தவர்கள் என்ற காரணம் அங்கே எப்படிப் பொருந்தும்? வீட்டில் கேள்வி இல்லாமல் வளர்ந்த பழக்கம் கடல் கடந்தும் கூடப் போனது என்றுதான் நான் எடுக்கிறேன்.

இனி, கனடாச் சகோதரிக்கு. ஹேக்குக்குக் கொண்டுபோக முடியுமா? இன்றைய நிலையில் முடியாது என்றே சொல்ல வேண்டும். இலங்கை ரோம் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. உறுப்பினர் அல்லாத நாட்டுக்குள் அந்த நாட்டவர் செய்ததை அந்த நீதிமன்றம் எடுக்க வேண்டுமானால் பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அல்லது அந்த நாடே ஏற்றுக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் சபையில் வீட்டோ இருக்கிறது. ஆகவே ஹேக் என்று சொல்லித் தேர்தல் மேடையில் பயம் காட்டுவதும் ஏமாற்று, ஹேக் என்று சொல்லித் தாய்மாருக்கு நம்பிக்கை கொடுப்பதும் ஏமாற்று. இரண்டாவது எனக்கு அதிகம் வலிக்கிறது.

இந்தப் பயத்தின் விளைவை 2017இல் கண்டோம். வலிந்து காணாமல் ஆக்கப்படுவதைக் குற்றமாக்கும் சட்டமூலம் ஜூலையில் பாராளுமன்றத்துக்கு வர இருந்தது. படைவீரரை வெளிநாட்டுக்குப் பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. ஒத்திவைத்தார்கள். கடந்த காலத்துக்கு இது பொருந்தாது என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லி, 2018 மார்ச்சில்தான் 5ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றினார்கள். இருபது வருடம் வரை சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் அரசாங்கம் சொன்னபடி எடுத்தால், ஏற்கெனவே காணாமல் போன எவருக்கும் அதில் இடமில்லை. 2016இல் அமைத்த காணாமற்போனோர் அலுவலகச் சட்டத்திலும், அந்த அலுவலகம் கண்டறிவதால் எவர் மீதும் குற்றப் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று 13ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.

ஹேக் இல்லாவிட்டால் வேறு ஒன்றுமே இல்லையா? சில உண்டு. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தின்படி சாட்சியங்களைத் திரட்டி வைக்கும் வேலை ஜெனீவாவில் நடக்கிறது. சித்திரவதை போன்ற குற்றங்களை எங்கு நடந்தாலும் தங்கள் நாட்டில் விசாரிக்கலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. 2017இல் பிரேசிலில் தூதுவராக இருந்த முன்னாள் தளபதி ஒருவர் மீது அங்கே மனு கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் பிரிட்டன் முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும், புலிகளில் இருந்து பின் அரசோடு சேர்ந்த கருணா மீதும் தடை விதித்தது. இவை நீதி ஆகா. ஆனால் கோப்புகள் மூடப்படாமல் இருக்கின்றன.

ஜெனீவா என்றால் தேசத்துரோகம் என்று பேசுபவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1990 செப்டெம்பரில், தெற்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விபரப் படிவங்களையும் புகைப்படங்களையும் ஜெனீவாவில் ஐ.நா. செயற்குழுவிடம் கொடுக்க ஒரு பாராளுமன்ற உறுப்பினர் புறப்பட்டார். கட்டுநாயக்கவில் பொலிசார் மறித்து அவற்றைப் பறித்தார்கள். அவர் பெயர் மஹிந்த ராஜபக்ஷ. அன்று அவர் செய்தது சரி. அன்று அவருக்குப் படம் கொடுத்த தாய்மாரில் கேகாலைத் தாய்மாரும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு, ஏனென்றால் எங்கள் தோட்டத்து எல்லையில் தேநீர்க்கடை வைத்திருந்த சிங்கள அக்காவின் மூத்த மகன் 1989இல் ஜீப்பில் ஏற்றப்பட்டவன். எழுபத்தேழில் எங்களுக்குச் சோறு சமைத்து றப்பர் காட்டுக்கு அனுப்பியவர் அந்த அக்காதான். அவருக்கும் ஒரு பொலிஸ் நிலையத்தில் பேனையை மூடிக் காட்டினார்கள்.

மாவனல்லைக்காரருக்கு 2001 மே மாதத்தை நான் நினைவூட்டத் தேவையில்லை. கடைகள் எரிந்தபோது காவலுக்கு நின்றவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற கேள்வி இந்த ஊரில் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, தம்பியைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு. அன்று பின்னேரம் உங்கள் அனுமதியோடுதான் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் என்னிடம் கோபப்படவில்லை. வன்னியில் தன்னோடு நின்ற பையன்களைப் பற்றிச் சொன்னார்: றம்புக்கனை, அரநாயக்க, தெரணியகலைப் பக்கத்து ஏழைப் பிள்ளைகள், வீட்டுக்குக் கூரை போடச் சேர்ந்தவர்கள். காலில்லாமல் வந்தவர்களின் ஓய்வூதியத்துக்கு இன்றும் அலைகிறாராம். "அக்கா, எனக்கு அந்தச் சட்டமெல்லாம் தேவைப்படல. தேவைப்பட்டவன் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவன் செஞ்சதுக்கு எங்க எல்லாரையும் ஒரே மாதிரிப் பாக்குறாங்க" என்றார். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். பச்சைச் சட்டையைக் கண்டால் இன்றும் என் வயிறு ஒரு நொடி இறுகும். அது தம்பியின் பிழை இல்லை. ஆனால் அந்த இறுக்கம் போவதற்கு, செய்தவர் யார் என்று ஒருநாள் பெயர் சொல்லப்பட வேண்டும். அப்போதுதான் செய்யாதவரும் வெளியே வரலாம்.

செயலாளர் தங்கச்சி மணியைப் பார்க்கிறார், முடிக்கிறேன். காணாமற்போனோர் அலுவலகத்தைப் பற்றி மேலே குறை சொன்னேன். என்றாலும் அங்கே முறைப்பாடு பதிய வடக்குக் கிழக்கு என்றோ, இந்த வருடத்துக்குள் என்றோ எல்லை இல்லை. எழுபத்தொன்று, எழுபத்தேழு, எண்பத்தொன்பது, எதுவும் எடுப்பார்கள். போரில் காணாமல் போன படையினரின் குடும்பத்தாரும் பதியலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், காணவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்க 2016இன் சட்டத்தில் வழியுண்டு, வங்கிப் புத்தகம், காணி அலுவல்களுக்கு அது உதவும். எங்கள் பழைய மாணவிகளின் வீடுகளிலும் அயலிலும் அப்படி இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஐந்து பேர். படிவம் சிங்களத்திலும் தமிழிலும் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் பழைய நூலக வராந்தாவில், நெட்போல் திடல் பக்கம், நான் உட்கார்ந்திருப்பேன். தேநீர்க்கடை அக்கா இப்போது எண்பத்திநான்கு வயதில், மகளோடு வந்து வெளியே வாகனத்தில் இருக்கிறார். முதல் படிவம் அவருடையது. கனடாச் சகோதரியும் தம்பியின் அக்காவும் எழுத்து வேலைக்கு உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேனை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.